தண்ணிக்குள்ள கிடக்க வேண்டியதை வெளிய எடுத்து வெச்ச கதை

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. தீசிஸ், பார்ட் டைம் வேலை, நடுவுல விசா நீட்டிப்புன்னு ஆணி புடுங்கறதுலயே நாள் ஓடிருச்சு. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். நேத்து கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் வந்து, அவன் தங்கியிருக்கற வீட்டுத் தோட்டத்துக் குளத்துப் பம்பைத் தண்ணிக்கு வெளிய வெச்சு ஓட்டலாமான்னு கேட்டான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்த இன்னொருத்தன், "தாராளமா வைடா, எங்க மாமா வீட்ல மூணு வருஷமா அப்படித்தான் ஓடுது"ன்னு சொல்லிட்டான். அப்ப வந்த கோவம் இன்னும் அடங்கலை. அதான் இந்தப் பதிவு.

பம்பைப் பத்திப் பதிவான்னு ஓடிடாதீங்க மக்களே. இதுல ரெண்டு மீன் செத்துருக்கு, 149 யூரோ போயிருக்கு, எங்கப்பா முகத்துல எப்படி முழிக்கறதுன்னு தெரியாம நான் ஒரு வாரம் போன் பண்ணாம இருந்திருக்கேன்.

முதல்ல ஒரு வாக்குமூலம். எனக்குச் சொந்த ஊரு கோயமுத்தூர். பம்பு செட்டுக்குப் பேர் போன ஊரு. எங்கப்பா கணபதியில மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கார். வார்னிஷ் வாசத்துலதான் நான் வீட்டுப்பாடமே எழுதினேன். சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரிச்சுப் போட்டு, எரிஞ்சு போன காயிலை உருவி எடுத்து, புதுசாக் கட்டறதை எத்தனை நூறு தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது. அதுக்கு மேல சிவில் படிச்சு, இப்ப ஜெர்மனியில நீர்வளத்துல முதுகலை. இவ்வளவும் வெச்சுக்கிட்டு இந்தத் தப்பைப் பண்ணினது நான்தான். வேற யாரையும் குத்தம் சொல்ல வரலை.

நான் இருக்கறது ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு சின்ன ஊரு. மாடியில ஒரு ரூம். கீழ வீட்டுக்கார அம்மா, எழுபது வயசுக்கு மேல ஆகுது, தனியா இருக்காங்க. பின்னாடி தோட்டத்துல அவங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப தோண்டின குளம். ஒரு பெரிய கோய், கொஞ்சம் தங்க மீன், மூணு ஓர்ஃபே மீன். ஆரஞ்சு நிறத்துல ஒல்லியா நீளமா, எப்பவும் மேலாப்புல கூட்டமாச் சுத்திக்கிட்டே இருக்கும் பாருங்க, அதுதான் ஓர்ஃபே. குளத்தோட அடியில 60 வாட்ஸ் பம்பு ஒண்ணு. அது தண்ணியைத் தள்ளி பில்டர் பெட்டிக்கு அனுப்பும், அங்கிருந்து கல்லு மேல வழிஞ்சு திரும்பக் குளத்துக்கே வரும்.

2024 ஜூலையில அந்தம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். முடிஞ்சதும் மூணு வாரம் ஓய்வு இல்லத்துக்குப் போனாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல குண்டு குண்டா எழுதி என் கையில குடுத்தாங்க. மீனுக்குத் தீனி எவ்வளவு, செடிக்குத் தண்ணி எப்ப, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பிளக்கைப் புடுங்கிட்டு பம்பை வெளிய தூக்கி வலையில ஒட்டின பாசியைக் கையால கழுவி திரும்ப உள்ள போடணும். அவ்வளவுதான்.

இந்தக் கடைசி வேலைதான் எனக்கு ஆகலை. ஜூலை மாசம் நூல் பாசி தலைமுடி மாதிரி வளருது. முழங்கை வரைக்கும் கையை விட்டு, வழவழன்னு இருக்கற பம்பைத் தூக்கி, முடியைப் பிய்க்கற மாதிரி பிய்ச்சு... மூணாவது தடவையிலயே இன்ஜினியர் மூளை முழிச்சுக்கிச்சு. பம்பு எதுக்கு உள்ள இருக்கணும்? கரையில கல்லு மேல வெச்சு, அது வாயில ஒரு ஹோஸ் மாட்டி, ஹோஸ் முனையில பெரிய வலையைக் கட்டித் தண்ணிக்குள்ள விட்டா? வலையை வாரம் ஒரு தடவை இழுத்துக் கழுவினாப் போதுமே! இதே மாதிரி செஞ்ச ஒரு வீடியோவும் கிடைச்சுது. கீழே நாலு பேரு ஆஹா ஓஹோன்னு எழுதியிருந்தாங்க. போதாதா.

மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். கொர்ர்ருன்னு சத்தம் மட்டும் வந்துச்சு, தண்ணி வரலை.

இங்க கொஞ்சம் நின்னு சொல்லணும். குளத்துப் பம்பெல்லாம் இம்பெல்லர் சுத்தித் தண்ணியை வீசித் தள்ளற வகை. அது எந்தத் திரவத்தைச் சுத்தினாலும், அந்தத் திரவத்தோட ஒரு குறிப்பிட்ட உயரம் வரைக்கும்தான் தள்ளும். என்னோடது 3 மீட்டர் பம்பு. தண்ணியைச் சுத்தினா 3 மீட்டர் உசரம் தண்ணி. காத்தைச் சுத்தினா 3 மீட்டர் உசரம் காத்து. காத்து தண்ணியை விட 800 மடங்குக்கு மேல லேசு. அந்த 3 மீட்டர் காத்தோட எடை 4 மில்லிமீட்டர் தண்ணியோட எடை கூடக் கிடையாது. அப்ப ஹோஸுக்குள்ள காத்து நின்னா, இந்தப் பம்பு தண்ணியை ஒரு நெல்லு மணி நீளத்துக்குக் கூட மேல இழுக்காது. நான் கேட்டது 30 சென்டிமீட்டர்.

எங்க அப்பிச்சி தோட்டத்துல பழைய பம்புசெட் இருந்துச்சு. கெணத்து மேட்டுல மோட்டார், கீழ தண்ணிக்குள்ள குழாய், குழாய் அடியில ஃபுட்வால்வு. வால்வு ஒழுகினா அப்பிச்சி பக்கெட்ல சாணியைக் கரைச்சு மேலருந்து ஊத்துவார், சந்து அடைச்சுக்கும், பம்பு தண்ணி எடுத்துக்கும். அது ஞாபகம் வந்து, நானும் ஹோஸ் முழுக்கத் தண்ணியை ரொப்பி (சாணி இல்லீங்கோ) கையால பொத்திப் பிடிச்சு ஸ்விட்சைப் போட்டேன். எடுத்துக்கிச்சு! அன்னிக்கு எனக்கு வந்த பெருமையைப் பார்க்கணுமே. போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். அப்பாவுக்கு மட்டும் அனுப்பலை. இப்ப யோசிச்சா, ஏன் அனுப்பலைன்னு எனக்கே தெரியும்.

ரெண்டு நாள் அருமையா ஓடுச்சு. மூணாவது நாள் விடிகாலை அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துச்சு. தண்ணி வழியற சத்தம் இல்லை.

கீழ ஓடிப் போய்ப் பார்த்தா, பம்பு ஒரு பக்கம் உப்பியிருக்கு. பிளாஸ்டிக்கும் ரப்பரும் கருகின வாடை. கசிவு மின்சாரம் போனா கட் பண்ற சுவிட்ச் (இங்க எஃப்.ஐ.ன்னு சொல்வாங்க, வழக்கமா 30 மில்லி ஆம்பியர்) விழுந்து கிடந்துச்சு. பழைய வீடு. தோட்டத்துக்கு மொத்தமும் ஒரே சுவிட்ச். குளத்துக்குக் காத்து ஊதற குட்டி மோட்டாரும் அதுலதான். ரெண்டும் எப்ப நின்னுச்சோ தெரியாது.

மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது.

படிச்ச பாடம்தான். 10 டிகிரித் தண்ணி லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில 8 சொச்சம்தான். ராத்திரியில வெளிச்சம் இல்லாததால பாசியும் செடியும் ஆக்சிஜன் குடுக்காது, அதுங்களும் சேர்ந்து இழுக்கும். ஆக, குளத்துல ஆக்சிஜன் ஆகக் குறைவா இருக்கற நேரம் விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பரீட்சையில இதுக்கு முழு மார்க் வாங்கியிருக்கேன். அன்னிக்கு நைட்டி மேல ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு, பக்கெட்ல தண்ணியை மொண்டு தலைக்கு மேல தூக்கி திரும்பக் குளத்துலயே ஊத்தினேன். ஒன்றரை மணி நேரம். வீட்டுக்குள்ளருந்து வேற லைன்ல ஒயர் இழுத்து அந்தக் காத்து மோட்டாரைப் போட்டா ஒரு நிமிஷத்து வேலைன்னு ஆறரைக்குத்தான் புத்தி வந்துச்சு.

கோய் பிழைச்சுது. தங்க மீன் எல்லாம் பிழைச்சுது. மூணு ஓர்ஃபேயில ரெண்டு போயிருச்சு. அதுங்களுக்கு மத்த மீனை விட ஆக்சிஜன் அதிகம் வேணும், முதல்ல போறது அதுங்கதான்னு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

என்ன நடந்திருக்கும்னு புரிய ரொம்ப நேரம் ஆகலை. ஹோஸ் கிளாம்ப்ல ஒரு முடி அளவு சந்து. பம்புக்கு அப்புறம் வர்ற குழாய்ல சந்து இருந்தா தண்ணி பீச்சும், கண்ணுக்குத் தெரியும். பம்புக்கு முன்னாடி இருக்கற குழாய்ல அழுத்தம் வெளிக் காத்தை விடக் கம்மி. அங்க சந்து இருந்தா ஒரு சொட்டும் சிந்தாது, காத்து உள்ள போகும். பார்க்கறவங்களுக்கு எல்லாம் பிரமாதமா இருக்கற மாதிரியேதான் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக் காத்து சேர்ந்து, ஒரு கட்டத்துல தண்ணிப் பிடிப்பு விட்டுப் போயிருச்சு. அதே பம்பு தண்ணிக்குள்ள கிடந்திருந்தா அந்தச் சந்து வழியா தண்ணிதானே போயிருக்கும். ஒண்ணும் ஆகியிருக்காது.

ஒரு வாரம் கழிச்சு அப்பாவுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். அவர் முதல்ல கேட்ட கேள்வி, "ஏன் அம்மிணி, என்ன வாசம் அடிச்சுது? வார்னிஷா, ரப்பரா?"

"ரப்பரும் பிளாஸ்டிக்கும்தானுங்கப்பா."

"அப்ப காயில் அப்பறம்தான் போயிருக்குது. மொதல்ல உள்ள புஷ்ஷு காஞ்சு இறுகியிருக்குது. சுத்த முடியாம நின்னுருக்குது. நம்ம கடையில நான் மோட்டாரை எப்புடி ஓட்டிப் பாப்பேன்?"

அப்பதான் மண்டையில உறைச்சுது. போர்வெல் மோட்டாரை இறக்கறதுக்கு முன்னாடி அப்பா அதோட மூடியைக் கழட்டி உள்ள நல்ல தண்ணியை ரொப்புவார். குமிழி வர்றது நிக்கற வரைக்கும் விட மாட்டார். எங்க ஊரு மோட்டார் தண்ணி ரொப்பின மோட்டார். உள்ள இருக்கற புஷ்ஷுக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கும் எண்ணெய், கிரீஸ் எதுவும் கிடையாது, தண்ணிதான் மசகு. ஓட்டிப் பார்க்கணும்னா கடைக்கு முன்னாடி இருக்கற தொட்டியில இறக்கித்தான் ஓட்டுவார். தரையில வெச்சு ஓட்டினா ஏதோ சுத்தற திசை பார்க்க ரெண்டு மூணு நொடி, அதுக்கே பையன்களைத் திட்டுவார். இருபது வருஷம் அந்தத் தொட்டியை தாண்டித் தாண்டி ஸ்கூலுக்குப் போயிருக்கேன். அந்தத் தொட்டி எதுக்குன்னு ஒரு நாளும் நான் யோசிச்சதில்லை.

சரி, இப்ப என் வாதத்துக்கு வர்றேன்.

"தண்ணியிலயே வேலை செய்யுது, வெளிய வேலை செய்யாதா?" இதுதான் எல்லாரும் கேட்கறது, நானும் இதைத்தான் நினைச்சேன். நம்ம மனசுல கரண்டு சாமானுக்குத் தண்ணி எதிரி, காத்து சிநேகிதன். தண்ணியைத் தாங்கற சாமான் காத்தைத் தாங்காதான்னு தோணுது. ஆனா இந்தப் பண்டத்துக்கு அது அப்படியே தலைகீழ். பம்பு மேல ஐ.பி.எக்ஸ்.8-ன்னு போட்டிருக்கும். தொடர்ந்து முங்கிக் கிடந்தாலும் உள்ள தண்ணி புகாதுன்னு அர்த்தம். சூடு எப்படி வெளிய போகும்கறதைப் பத்தி அந்த எழுத்து ஒரு வார்த்தையும் சொல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 60 வாட்ஸ்ல 35 வாட்ஸ் வீணாச் சூடாகுதுன்னு வெச்சுக்குவோம். மணிக்கு 6000 லிட்டர் தண்ணி ஓடற பம்புல அந்தச் சூடு தண்ணியை எவ்வளவு சூடாக்கும் தெரியுமா? ஒரு டிகிரியில இருநூறுல ஒரு பங்கு. இல்லைன்னே சொல்லலாம். தண்ணி நின்னு போச்சுன்னா அதே 35 வாட்ஸ் எங்க போகும்? காயிலைச் சுத்தி ரெசின் ஊத்தி இறுக மூடியிருக்கு, அதுக்கு மேல பிளாஸ்டிக், அதைச் சுத்தி காத்து. சூட்டைக் கடத்தறதுல காத்து தண்ணியில இருபதுல ஒரு பங்கு கூடத் தேறாது. சால்டரிங் அயர்ன் ஒண்ணைக் கம்பளியில சுத்தி வெச்ச கதைதான். அதோட உள்ள ஒரு பீங்கான் தண்டு மேல காந்தம் சுத்துது, அதுக்கும் மசகு தண்ணிதான். தண்ணி இல்லைன்னா சில நிமிஷத்துலயே உரச ஆரம்பிச்சுடும்.

அப்ப அந்த "மாமா வீட்ல மூணு வருஷம்" பொய்யா? பொய்யா இருக்கணும்னு அவசியம் இல்லை. இங்கதான் எனக்கு எரிச்சல். குளத்துப் பம்புலயே சிலதை உள்ளயும் வைக்கலாம், வெளியவும் வைக்கலாம்னு சொல்லியே விக்கிறாங்க. ஓடற தண்ணியே உள்ளருந்து மோட்டாரைக் குளிர வைக்கற மாதிரி செஞ்சிருப்பாங்க, வாய்ல ஹோஸ் மாட்ட ஒழுங்கான மரையும் இருக்கும். அதுக்கும் நிபந்தனை உண்டு. பம்பு குளத்துத் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கணும், தண்ணி தானா வந்து பம்பை ரொப்பணும். நேர் வெயில் படக் கூடாது, காத்தோட்டம் வேணும், மழைத் தண்ணியில மூழ்கிடக் கூடாது, உள்ள வர்ற ஹோஸ் பெரிசா இருக்கணும். மாமா அப்படி ஒண்ணை வாங்கி, பள்ளத்துல வெச்சிருந்தா மூணு வருஷம் என்ன, பத்து வருஷம் கூட ஓடட்டும். ஆனா அவர் என்ன மாடல், எந்த மட்டத்துல வெச்சார்னு சொல்லாம "ஓடுது"ன்னு மட்டும் சொன்னா, கேட்கறவன் கரை மேல கல்லுல வைப்பான். நான் வெச்ச மாதிரி. என்னோடதும் ரெண்டு நாள் ஓடுச்சே. அந்த ரெண்டு நாள்ல யாராவது என்கிட்ட கேட்டிருந்தா நானும் "தாராளமா வைங்க, சூப்பரா ஓடுது"ன்னுதான் சொல்லியிருப்பேன்.

கம்பெனிக்காரங்க மேலயும் எனக்கு வருத்தம் உண்டு. எச்சரிக்கையெல்லாம் பத்துப் பன்னண்டு மொழி போட்ட புத்தகத்துல எங்கயோ ஒரு மூலையில, சின்னதா ஒரு படத்துல குறுக்கே கோடு. பம்பு வாங்கி அஞ்சு வருஷத்துல அந்தப் புத்தகம் யார் கையில இருக்கும்? பம்போட முதுகு இவ்வளவு அகலமா இருக்கு, அதுல பெரிய எழுத்துல கம்பெனி பேரைப் பொறிக்கத் தெரியுது. அதே அச்சுல "தண்ணிக்குள் மட்டும்"னு ஒரு வரி பொறிச்சா என்ன குறைஞ்சு போகும்? எங்க ஊருல அப்பா மோட்டாரைத் திருப்பிக் குடுக்கும்போது பெயின்ட்டால மோட்டார் மேலயே "தண்ணி நிரப்பவும்"னு எழுதி அனுப்புவார். எழுத்துக் கோணலா இருக்கும். ஆனா படிக்காம யாரும் இறக்க முடியாது.

கரண்டைப் பத்தி ஒண்ணு சொல்லாம விட முடியாது. அந்த எஃப்.ஐ. சுவிட்ச் மட்டும் இல்லைன்னா, உருகி வெடிச்ச அந்தப் பம்பை நான் ஈரக் கையோட, செருப்பில்லாத காலோட தொட்டிருப்பேன். உள்ள கிடக்கற பம்பா இருந்தாலும் பிளக்கைப் புடுங்காம குளத்துல கையை விடாதீங்க. ஆளுங்க இறங்கிக் குளிக்கற குளம்னா 12 வோல்ட் பம்புதான், வேற பேச்சே இல்லை. சுவிட்ச்ல டெஸ்ட் பட்டன் ஒண்ணு இருக்கும், அதை அப்பப்ப அமுக்கிப் பாருங்க. இதுல மட்டும் எந்த மாமா பேச்சையும் கேட்காதீங்க.

வீட்டுக்கார அம்மாவுக்கு அன்னிக்கே போன் பண்ணிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "கோய் இருக்கா?"ன்னு கேட்டாங்க. இருக்குன்னேன். "அந்த ஓர்ஃபே அவர் கடைசியா வாங்கினது. ரோஜாச் செடிக்குப் பக்கத்துல புதைச்சிடு"ன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தாத் தேவலாம் போல இருந்துச்சு. பம்புக்குக் காசு வேண்டாம்னு அப்புறம் சொன்னாங்க, நான்தான் கேட்காம வாங்கி வெச்சேன். 149 யூரோ. 2024-ல இங்க குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ, அதுதான் எனக்கும். சரியா பன்னண்டு மணி நேரம் தட்டு கழுவின காசு. கடையில பழைய பம்பைக் காட்டினப்ப அங்க இருந்த பெரியவர் இம்பெல்லரை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், அது அசையலை. "ட்ராக்கன்லாஃப்"னு சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்துட்டார். தண்ணியில்லாம ஓடியிருக்குன்னு அர்த்தம். வாரன்டி பேச்சையே நான் எடுக்கலை.

புதுப் பம்பு அடியிலதான் கிடக்குது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பிளக்கைப் புடுங்கிட்டு, கையை விட்டுத் தூக்கி, முடியைப் பிய்க்கற மாதிரி பாசியைப் பிய்க்கறேன். அஞ்சு நிமிஷ வேலை. ஓர்ஃபே ஒண்ணு மட்டும் தனியாச் சுத்துது. அது கூட்டமா இருக்கற மீன், இன்னும் ரெண்டு வாங்கி விடலாமான்னு அந்தம்மாகிட்ட எப்படிக் கேட்கறதுன்னு இன்னும் தெரியலை.

எரிஞ்ச பம்பு இப்ப என் மேசைக்கு அடியில இருக்கு. அப்பா அதைத் தூக்கிப் போடக் கூடாதுன்னுட்டார். "ரெசின் ஊத்திருந்தா என்ன அம்மிணி, அறுத்துப் பாப்போம். ஊருக்கு வர்றப்ப எடுத்தா." மூணரை கிலோ. 23 கிலோ பெட்டியில அம்மா கேட்ட சாமான், அக்கா குழந்தைக்குச் சாக்லேட்டு, அதோட இது. ஏர்போர்ட் ஸ்கேனர்ல கருகின மோட்டாரைப் பார்த்து என்ன கேட்பாங்களோ. அனுபவம் இருக்கற மக்கள் பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.